காப்பகத்தில் இல்லாத வால்வு

நகரக் குடிநீர் வாரியத்தில் அறிவு கசிந்துகொண்டிருக்கிறது என்பதை முதலில் கண்டுபிடித்தவர் தலைமைப் பொறியாளர். அவருடைய அறையை ஒட்டிய கழிப்பறையில் மூன்று நாள் தண்ணீர் வராமல் போனதால்தான் அவருக்கு அது தெரியவந்தது. நான்கு பொறியாளர்கள் வரைபடங்களை விரித்துப் பார்த்து, அந்தக் குழாயில் தண்ணீர் வருவதற்கு எல்லா நியாயமும் இருக்கிறது என்று எழுத்துமூலம் உறுதி செய்தார்கள். கடைசியில், ஓய்வு பெற்றுப் போயிருந்த பழைய ஃபிட்டர் ஒருவரைக் கார் அனுப்பி அழைத்து வந்தார்கள். அவர் மாடிப்படிக்கு அடியில் குனிந்து எதையோ அரைச் சுற்றுத் திருப்பினார். மேலே தண்ணீர் கொட்டியது. "இது ஒண்ணு இங்க இருக்கறது எனக்கு மட்டும்தான் தெரியும்" என்று கையைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார்.

மறுமாதமே அறிவுக் காப்பகப் பிரிவு உருவானது. குளிரூட்டிய அறை ஒன்று, கணினிகள் ஆறு, கேமரா இரண்டு, அதிகாரி ஒருவர். அந்த அதிகாரி அதற்கு முன் குழாய் எதையும் கிட்டத்தில் பார்த்தவரல்ல. நேர்முகத் தேர்வில் அதைத்தான் அவருடைய முதல் தகுதியாக எடுத்துக்கொண்டார்கள். தெரிந்தவரைப் போட்டால் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடுவாராம்.

அதுவரை வாரியத்தில் அறிவு என்பது காலை ஏழு மணிக்கு, வண்டிகள் நிற்கும் முற்றத்தில், டீ டம்ளரோடு கைமாறிக்கொண்டிருந்தது. "டேய், ஸ்கூல் முக்கு வால்வு இறுகிப்போச்சு, எண்ணெய் விடாம கை வைக்காதே" என்று ஒருவர் கத்துவார். "அது போன வாரமே விட்டாச்சு" என்று இன்னொருவர் திருப்பிக் கத்துவார். அறிவு அதிகாரியின் முதல் சுற்றறிக்கை இதை நிறுத்தியது. பதிவாகாத பகிர்வு பகிர்வல்ல, கசிவு என்றது அது. பகிர விரும்புவோர் என்ன பகிரப்போகிறார், யாரிடம், அதனால் வாரியத்துக்கு என்ன பயன் என்று எழுதி இரண்டு நாள் முன்னதாக அனுமதி பெறவேண்டும். அன்றிலிருந்து முற்றத்தில் எல்லோரும் சினிமாவைப் பற்றி மட்டும் பேசினார்கள். சினிமாவுக்குப் படிவம் இல்லை.

இந்த முற்றத்தில்தான் சாவிக்காரம்மா பத்தொன்பது வருடமாக வேலை பார்த்தாள். கணவர் வாரியத்தில் குழாய் பதிக்கும்போது மண் சரிந்து இறந்துபோக, அவளுக்குக் கொடுத்த வேலை அது. பதிவேட்டில் அவள் 'உதவுநர், நிலை நான்கு'. ஆள் உயரத்துக்கு இருக்கும் இரும்பு வால்வுச் சாவியைத் தோளில் சுமந்துகொண்டு வால்வுக்காரரின் பின்னால் நடப்பது அவள் வேலை. நகரத்தின் தெருக்களுக்கு அடியில் ஆயிரத்துச் சொச்சம் வால்வுகள் இருந்தன. அவற்றில் பாதிக்கு வரைபடமே கிடையாது. ரோடு போடப் போட அவை தாருக்குக் கீழே போய்விட்டிருந்தன. எது எங்கே, எத்தனை சுற்று, எது வலப்பக்கம் மூடும், எது இடப்பக்கம் மூடும் என்பதெல்லாம் வால்வுக்காரருக்குத் தெரியும். அவர் காலால் தட்டிக் காட்டுவார். அவள் கடப்பாரையால் குத்தி, மண்ணை அள்ளி, மூடியைத் திறந்து, சாவியை இறக்குவாள். இருவரும் சேர்ந்து திருப்புவார்கள். அவர் அவளைத் தங்கச்சி என்பார், அவள் அவரை அண்ணே என்பாள். பத்தொன்பது வருடத்தில் இருவரும் சண்டை போட்டது ஒரே ஒரு தடவை, குடை யாருடையது என்று.

அறிவுக் காப்பகம் வருவதற்கு ஆறு மாதம் முன்பே அவள் ஒன்றைக் கவனித்திருந்தாள். ஒரு நாள் நாற்சந்தியில் நின்ற வால்வுக்காரர், போகவேண்டிய பக்கத்தை விட்டு வேறு பக்கம் திரும்பினார். "ரோட்டை யாரோ திருப்பி வெச்ச மாதிரி இருக்கு, தங்கச்சி" என்று சிரித்தார். இன்னொரு நாள் வால்வைத் திருப்பும்போது இருபத்தி இரண்டுக்கு அப்புறம் பதினாறு என்றார். அவள் மறுநாளிலிருந்து தானே சத்தமாக எண்ண ஆரம்பித்தாள். பிறகு காலால் தட்ட வேண்டிய இடத்துக்கு அவளே முதலில் போய் நின்றுகொள்வாள். அவர் வந்து தட்டுவார். பார்ப்பவர்களுக்கு எதுவும் மாறவில்லை.

ஒரு மத்தியானம் பூட்டியிருந்த கடையொன்றின் நிழலில் உட்கார்ந்து சாப்பிடும்போது அவரே பேச்சை எடுத்தார்.

"உனக்குத் தெரியும்ல?"

"என்னண்ணே?"

"நடிக்காதே. உனக்குத் தெரியும்." டப்பா மூடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "டாக்டர்கிட்ட போனோம். உங்க அண்ணிதான் கூட்டிட்டுப் போனா. மூளை கொஞ்சம் கொஞ்சமா சுருங்குதாம்."

அவள் பிசைந்த சோற்றை டப்பாவிலேயே போட்டு மூடினாள்.

"ஆபீஸ்ல தெரிஞ்சா வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. அனுப்பினா அனுப்பட்டும். ஆனா வீட்ல உக்காந்தேன்னா ஒரே மாசத்துல எல்லாம் போயிடும், தங்கச்சி. நடக்கறப்போ கொஞ்சம் ஞாபகம் வருது. இந்த ரோடுதான் என்னைப் பிடிச்சு வெச்சிருக்கு. யார்கிட்டயும் சொல்லிடாதே."

"நான் யார்கிட்டண்ணே சொல்லப்போறேன்" என்றாள் அவள்.

வாரியத்தின் நிபுணர்கள் பட்டியலை அறிவுக் காப்பகம் வெளியிட்டபோது வால்வுக்காரரின் பெயர் முதலில் இருந்தது. அவரிடம் நாற்பது பக்கப் படிவம் ஒன்றைக் கொடுத்தார்கள். அதில் பதினான்காம் பத்தி இப்படிக் கேட்டது: 'உங்களுக்குத் தெரிந்திருந்தும், தெரியும் என்று உங்களுக்கே தெரியாத விஷயங்களை வரிசையாகக் குறிப்பிடவும். இடம் போதாவிட்டால் தனித்தாள் இணைக்கவும்.' வால்வுக்காரர் அதை நான்கு தடவை படித்தார். "எனக்குத் தெரிஞ்சது எனக்கே தெரியலேன்னு இவங்களுக்கு எப்படித் தெரிஞ்சது?" என்று அவளிடம் ரகசியமாகக் கேட்டார். அவர் முகம் வெளிறியிருந்தது.

பிறகு பேட்டி. மூன்று வாரம், தினமும் காலை பத்திலிருந்து ஒரு மணி வரை. அவரைச் சுழல் நாற்காலியில் உட்காரவைத்து, முகத்தில் விளக்கைப் போட்டு, நகரத்தின் ஒவ்வொரு வால்வும் எங்கே இருக்கிறது என்று கேட்டார்கள். சாவிக்காரம்மாவை உள்ளே விடவில்லை. நிலை எட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்கு அறிவு அறையில் அனுமதி இல்லை. சாவியால் தரையில் கீறல் விழும் என்பது கூடுதல் காரணம். அவள் கதவுக்கு வெளியே நின்றாள். கதவுக்கு அடியில் இரண்டு விரற்கடை இடைவெளி இருந்ததால் எல்லாம் கேட்டது.

"அந்த இடத்துல போய் நின்னா சொல்லிடுவேன், சார்" என்றார் வால்வுக்காரர்.

"போய் நின்னா யார் வேணா சொல்லுவாங்களே! இங்க உக்காந்தபடி சொல்றதுதான் நிபுணத்துவம்" என்றார் அறிவு அதிகாரி. "கண்ணை மூடிக்குங்க. உங்களுக்குள்ள இருந்து நாங்க எடுத்துக்கறோம். நீங்க ஒண்ணும் செய்யவேண்டாம்."

வால்வுக்காரர் கண்ணை மூடினார். உள்ளே இருந்து எதுவும் வரவில்லை. எதிரே ஆறு பேர் கணினியோடு காத்திருந்தார்கள். முப்பத்தி ஒரு வருடம் தெரியும் தெரியும் என்றே வாழ்ந்த மனிதர், தெரியவில்லை என்று சொல்ல வாயெடுத்துவிட்டுக் கூச்சப்பட்டார். "தையல் கடைத் தெரு பெரிய பைப்பு... அது கோர்ட்டுக்கு எதிர்ல... மரத்தடியில" என்றார். விசைப்பலகைகள் படபடவென்று அடித்துக்கொண்டன.

கதவுக்கு வெளியே அவள் தட்டுவதற்காகக் கையைத் தூக்கி, இறக்கிக்கொண்டாள். அந்த வால்வு மருந்துக் கடை வாசலில், சைக்கிள் நிறுத்தும் கம்பிக்குக் கீழே இருக்கிறது. கோர்ட்டுக்கு எதிரே மரமே கிடையாது.

அன்று சாயங்காலம் அறிவு அதிகாரி கார் ஏறும் இடத்தில் அவள் காத்திருந்தாள்.

"சார், அந்தத் தையல் கடைத் தெரு வால்வு இடம் மாறிப் பதிஞ்சிருக்குங்க."

"நீங்க எந்த நிலைம்மா?"

"நாலுங்க."

அவர் இரக்கத்தோடு பார்த்தார். "நாலுக்கு அறிவுப் படிவமே இல்லையேம்மா. உங்களுக்குன்னு ஒழுக்கப் படிவம்தான் இருக்கு. திருத்தம் வேணும்னா நிபுணரே எழுதிக் கையெழுத்துப் போடணும். திருத்தப் படிவம் வாங்கிட்டுப் போங்க."

திருத்தப் படிவம் ஒரே பக்கம்தான். 'என் வாக்குமூலம் தவறு' என்று அச்சிட்டு, கீழே காரணத்துக்கு மூன்று கட்டம் போட்டிருந்தார்கள். ஒன்று, கெட்ட எண்ணம். இரண்டு, குடிபோதை. மூன்று, ஞாபகசக்தி இழப்பு. இதைக் குறிப்பவர் மருத்துவக் குழுவுக்கு அனுப்பப்படுவார்.

அவள் அதை எடுத்துக்கொண்டு வால்வுக்காரர் வீட்டுக்குப் போனாள். அண்ணி கதவைத் திறந்தாள். சமையலறை அலமாரிகளில் எல்லாம் காகிதம் ஒட்டியிருந்தது. தட்டு, டம்ளர், மாத்திரை. குளியலறைக் கதவில் குளியலறை என்று ஒட்டியிருந்தது.

"போன வாரம் ஒட்டினேன்" என்றாள் அண்ணி. "காலைல பையைத் தோள்ல மாட்டினதும் பழைய ஆளாயிடறார். நீ கூட இருக்கறதால நான் கொஞ்சம் தூங்கறேன்மா."

வால்வுக்காரர் உள்ளேயிருந்து வந்தார். "வா தங்கச்சி. அது என்ன பேப்பர்?"

அவள் மடித்துப் பிடித்தாள். அவர் கை நீட்டினார். கையெழுத்துப் போடச் சொன்னால் போட்டுவிடுவார் என்பது அவளுக்குத் தெரிந்தது. எதையும் படிக்காமலே அவள் சொன்னால் போடுவார்.

"ஒண்ணுமில்லண்ணே. என் லீவு ஃபாரம்."

போகிற வழியில் அதைக் கிழித்துப் போட்டாள். எந்த வால்வு எங்கே இருந்தால் என்ன, நான்தானே கூடப் போகப்போகிறேன் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

காப்பகம் திறப்பு விழாவில் தலைமைப் பொறியாளர் நாற்பது நிமிடம் பேசினார். "இன்று முதல் இந்த வாரியத்துக்கு மனிதர்கள் தேவையில்லை" என்றார். கூட்டம் அசைந்ததும், "அதாவது, எந்த ஒரு மனிதரையும் நம்பி நாம் இருக்கத் தேவையில்லை" என்று திருத்தினார். "நான் நாளைக்கே போய்விட்டால் வாரியத்தில் என்ன மாறும்? ஒன்றும் மாறாது. இதைப் பெருமையோடு சொல்கிறேன்." எல்லோரும் மனமாரக் கைதட்டினார்கள்.

வால்வுக்காரருக்குக் கண்ணாடிக் கேடயம் கொடுத்து இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். அவர் மைக்கைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். "தண்ணி கீழதான் போகும்" என்றார். பிறகு, "மேல போகணும்னா யாராவது தள்ளணும்" என்றார். அதற்குமேல் வரவில்லை. எளிமையின் உச்சம் என்று பாராட்டி, அந்த இரண்டு வரியையும் காப்பகச் சுவரில் பெரிய எழுத்தில் பொறித்தார்கள்.

அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. அவரிடமிருந்த அறிவு முழுவதும் எடுத்தாகிவிட்டதால் அவரை வெயிலில் அலைய விடுவது வாரியத்துக்கு அழகல்ல என்று முடிவு செய்தார்கள். காப்பக வாசலில் மெத்தை வைத்த நாற்காலி போட்டு, 'மூலாதாரம்' என்று பலகை வைத்து உட்காரவைத்தார்கள். பார்வையாளர்கள் வந்தால் எழுந்து நிற்கவேண்டும். அவ்வளவுதான் வேலை.

அவர் பயந்தபடியே ஆனது. முதல் வாரம் சாவிக்காரம்மாவைப் பார்த்ததும், "இன்னைக்கு எந்தப் பக்கம்?" என்று கிளம்பப் பார்த்தார். மூன்றாவது வாரம் சிரித்தார். ஆறாவது வாரம் அவளைப் பார்த்தும் எழுந்து நின்றார்.

குழாய் வெடித்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்கு. தையல் கடைத் தெருவில் ரோடு பிளந்து, தண்ணீர் ஓராள் உயரத்துக்குப் பீறிட்டது. தெருவோடு ஓடி, தரைக்குக் கீழே இருந்த தையற்கூடத்தின் படிகளில் இறங்க ஆரம்பித்தது. புதிய உதவிப் பொறியாளர் கைக்கணினியோடு வந்து இறங்கினார். நல்ல பிள்ளை, படித்தவர். திரையைப் பார்த்தார். "கோர்ட்டுக்கு எதிர்ல, மரத்தடியில" என்றார். ஆட்கள் ஓடினார்கள். மரம் இல்லை. மரம் இருந்திருக்கக்கூடிய இடத்தில் தோண்டினார்கள். ஒன்றும் தட்டுப்படவில்லை. காப்பகத்துக்குப் போன் போட்டார்.

"காப்பகத்துல இருக்குன்னா அங்க இருக்கும். இன்னும் ஆழமாத் தோண்டுங்க" என்றார் அறிவு அதிகாரி.

சாவிக்காரம்மா மருந்துக் கடை வாசலில் சாவியோடு நின்றுகொண்டிருந்தாள். வால்வு அவள் காலுக்குக் கீழே இருந்தது. திறந்தால் பதிவு பொய் என்று ஆகும். பதிவு பொய் என்றால் அண்ணனைக் கேட்பார்கள். அண்ணனைக் கேட்டால் எல்லாம் வெளியே வந்துவிடும். அவர்களாகவே இங்கே வந்து பார்க்க மாட்டார்களா என்று காத்திருந்தாள். ஏழு நிமிடம் காத்திருந்தாள். பின்னால் பலமுறை எண்ணிப் பார்த்தும் அது ஏழுக்குக் குறையவேயில்லை.

தையற்கூடத்துப் படியில் பெண்கள் நனைந்த துணியோடு ஏறி வந்தார்கள். கடைசியாக வந்தவள் திரும்பிப் பார்த்து, "பொத்தான் வைக்கறவர் வரலை, அவருக்குக் கால் சரியில்லை, பொத்தான் வைக்கறவர் வரலை" என்று கத்தினாள்.

சாவிக்காரம்மா அதற்குமேல் எதையும் யோசிக்கவில்லை. சைக்கிள் கம்பியைப் பிடுங்கினாள். கடப்பாரையால் தாரை உடைத்தாள். மூடியைப் புரட்டி, சாவியை இறக்கி, தனியாளாகத் திருப்பினாள். இடப்பக்கம் மூடும் வால்வு அது. நாற்பத்தி இரண்டு சுற்று. முப்பதாவது சுற்றில் தண்ணீர் மெலிந்தது, நாற்பத்தி இரண்டில் நின்றது. பொத்தான் வைப்பவரைத் தேடிக் கீழே இறங்கிப் போனவர்கள் கொஞ்ச நேரம் கழித்து மெதுவாக ஏறி வந்தார்கள். அவசரமில்லாத அந்த நடையைப் பார்த்ததுமே அவளுக்குப் புரிந்துவிட்டது.

விசாரணைக் குழுவுக்குத் தலைமைப் பொறியாளரே தலைவர்.

"காப்பகத்துல இல்லாத ஒரு வால்வை நீங்க இயக்கியிருக்கீங்க. அது அங்க இருக்குன்னு எப்படித் தெரியும்?"

"பத்தொன்பது வருஷமா நான்தான் சார் திறந்து மூடறேன்."

"அதைக் கேக்கலை. எந்த ஆவணத்துல பார்த்தீங்க?"

அவள் எழுந்து நின்றாள். வரும்போதே முடிவு செய்துகொண்டு வந்திருந்தாள். அண்ணனுக்கு ஞாபகம் போனது, தான் மறைத்தது, கதவுக்கு வெளியே கேட்டது, திருத்தப் படிவத்தைக் கிழித்தது, அந்த ஏழு நிமிடம் எல்லாவற்றையும் சொன்னாள். "என்னை என்ன வேணா பண்ணுங்க. அந்தப் பதிவுல பாதிக்குமேல தப்புங்க. இன்னொரு உயிர் போறதுக்குள்ள மாத்திடுங்க. நான் நடந்து காட்டறேன், கூட யாராவது வந்து எழுதிக்குங்க."

அறிவு அதிகாரி தலைமைப் பொறியாளர் பக்கம் குனிந்தார்.

"சார், நம்ம காப்பகத்தைப் பார்த்து மூணு நகரம் காப்பகம் ஆரம்பிச்சிருக்கு. இந்தம்மா சொல்றதை ஏத்துக்கிட்டா, ஒண்ணுமே தெரியாத ஒருத்தர்கிட்ட நாம மூணு வாரம் அறிவு எடுத்தோம்னு ஆயிடும்."

"அப்படி ஆகக்கூடாது" என்றார் தலைமைப் பொறியாளர். "நிபுணரையே கூப்பிடுங்க."

வால்வுக்காரரைக் கைத்தாங்கலாகக் கூட்டி வந்தார்கள். சவரம் செய்து, சுத்தமான சட்டை போட்டுவிட்டிருந்தாள் அண்ணி. அறையில் இருந்த எல்லோரையும் பார்த்துப் புன்னகைத்தார்.

"ஐயா, நீங்க சொன்ன வால்வு விவரமெல்லாம் சரிதானே?"

அவர் கேள்வியைப் புரிந்துகொள்ள முயன்றார். அவர் பார்வை ஒவ்வொரு முகமாக நகர்ந்து, சாவிக்காரம்மாவிடம் வந்து நின்றது. அவள் தோளில் சாவி தேய்த்த தழும்பையே பார்த்தார்.

"வால்வைப் பத்தின்னா இந்தம்மாவைக் கேளுங்க" என்றார் மரியாதையாக. "இவங்க யாருன்னு எனக்குத் தெரியலை. ஆனா இவங்களுக்குத்தான் எல்லாம் தெரியும். நான் சும்மா கூட நடப்பேன்."

அவளுக்கு அதுவரை வராத அழுகை வந்தது.

"நிபுணர் தனக்கே உரிய அடக்கத்துடன் பதிலளித்தார் என்று எழுதிக்குங்க" என்றார் தலைமைப் பொறியாளர்.

அறிக்கை எட்டு பக்கம். அழுத்தக் குறைவால் தண்ணீர் தானாகவே நின்றது என்று அது முடிவு கட்டியது. இல்லாத வால்வை மூடியதால் நின்றது என்று எழுதினால் மேலிடத்தில் கேள்வி வரும். இறந்தவர் எச்சரிக்கை அறிவிப்புகளைப் பின்பற்றவில்லை. சாவிக்காரம்மா அனுமதியற்ற அறிவை வைத்திருந்ததற்காகக் கண்டிக்கப்பட்டு, மீட்டர் கிடங்கில் அடுக்கும் வேலைக்கு மாற்றப்பட்டாள். சாவியை வாங்கிக்கொண்டார்கள். வால்வுக்காரரை அண்ணி வீட்டுக்கே அழைத்துப் போய்விட்டாள். நாற்காலியும் பலகையும் மட்டும் காப்பக வாசலில் இருந்தன. பார்வையாளர்களுக்கு அது போதுமானதாக இருந்தது.

அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து சாவிக்காரம்மா ஒரு டப்பா சிவப்புப் பெயின்டும் பிரஷ்ஷும் வாங்கிக்கொண்டு தெருத்தெருவாகப் போனாள். வால்வு இருக்கும் இடத்துக்குப் பக்கத்துச் சுவரில் ஓர் அம்புக்குறி, எத்தனை அடி, எத்தனை சுற்று, எந்தப் பக்கம் என்று எழுதினாள். வீட்டில் சும்மா உட்கார்ந்திருப்பவரையும் கூட்டிப் போகட்டுமா என்று அவளே அண்ணியிடம் கேட்டாள். அவர் பெயின்ட் டப்பாவைப் பிடித்துக்கொண்டு கூட நடந்தார். அவள் எழுதுவதை ஒவ்வொரு இடத்திலும் வாய்விட்டுப் படித்தார். "எப்படிங்க இவ்வளவும் ஞாபகம் வெச்சிருக்கீங்க?" என்று ஆச்சரியப்பட்டார். நகரச் சுவர்களை அசிங்கப்படுத்துவதாக வாரியம் இரண்டு தடவை நோட்டீஸ் அனுப்பியது. அவள் பதில் எழுதவில்லை.

தையல் கடைத் தெருவுக்குப் போக மட்டும் அவளுக்கு நான்கு வாரம் பிடித்தது. போன அன்று தையற்கூடம் திறந்திருந்தது. மருந்துக் கடைச் சுவரில் அவள் அம்புக்குறி போட்டுக்கொண்டிருந்தபோது, கீழேயிருந்து ஒரு பெண் ஏறி வந்தாள். கழுத்தில் நூல் மாலையாகத் தொங்கியது. சட்டைப் பொத்தான்கள் ஒரு கையில் இருந்தன. இறந்தவரின் மனைவி என்று கேட்காமலே தெரிந்தது. அவருடைய வேலையை இப்போது இவள்தான் பார்க்கிறாள்.

"என்னங்க எழுதறீங்க?"

"வால்வு இங்க இருக்கும்மா. தண்ணி உடைச்சுக்கிட்டா யார் வேணா பார்த்து மூடலாம். அதுக்குத்தான்."

அந்தப் பெண் சுவரில் இருந்ததை எழுத்துக்கூட்டிப் படித்தாள். நாற்பத்தி இரண்டு என்ற எண்ணில் கொஞ்ச நேரம் நின்றாள்.

"முன்னாடியே எழுதியிருக்கலாமே" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. மனதில் பட்டதைச் சொன்னாள்.

"ஆமாம்மா" என்றாள் சாவிக்காரம்மா. "எழுதியிருக்கலாம்."

அவள் பிரஷ்ஷை நனைக்கத் திரும்பினாள். பிரஷ் டப்பாவுக்குள் போகாமல் காற்றில் இறங்கியது. வால்வுக்காரர் ஓரடி முன்னால் வந்து, அதை அவள் கைக்கு எட்டும்படி உயர்த்திப் பிடித்துக்கொண்டு நின்றார்.